காய்ச்சாத பாலும் கல்லாய் இறுகிய சீஸும்: சிங்கப்பூரில் சீஸ் பழகப் புறப்படுவோருக்கு

போன தீபாவளிக்கு எங்கள் சுவா சூ காங் வீட்டுக்கு என் கணவரோடு வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் வந்திருந்தார். முறுக்குத் தட்டுக்கும் அதிரசத் தட்டுக்கும் நடுவே ஒரு மரப்பலகையை வைத்தார். அதில் மூன்று சீஸ் துண்டுகள். என் மாமியார் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இது காய்ச்சின பாலா, காய்ச்சாத பாலா, கேளும்மா."

கேட்டேன். அவர் பெருமையோடு, "மூன்றுமே காய்ச்சாத பால்தான்" என்றார். அத்தை எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். அதற்குள் ஆறு மாதக் கர்ப்பிணியான என் நாத்தனார் ஒரு துண்டை வாயில் போட்டு மென்று முடித்திருந்தார்.

அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. மறுநாள் மருத்துவர் கேட்ட கேள்வி வேறு: "சாப்பிட்டது எது? கெட்டியா, மெத்தென்று இருந்ததா?" அவர் தின்றது கோம்தே. கட்டையாய் இறுகிய, பல மாதம் பழுத்த சீஸ். "கவலை வேண்டாம், காய்ச்சல் வந்தால் மட்டும் உடனே வாங்க" என்று அனுப்பிவிட்டார். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பலகையிலிருந்த மெத்தென்ற கமம்பேரைத் தின்றிருந்தால் பதில் அவ்வளவு சுருக்கமாக இருந்திருக்காது.

ஆக, பால் பச்சையா என்பது பாதிக் கேள்வி. சீஸ் ஈரமா இறுகலா என்பது மீதி. புதிதாக சீஸ் வாங்கப் போகிறவர்களுக்கு இந்த இரண்டும் கையில் இருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

முதலில் நாக்குக்கு

பயத்தைப் பிறகு பார்க்கலாம். ருசி தெரியாதவருக்குப் பாதுகாப்புப் பாடம் எடுத்து என்ன பயன்?

தாள் தாளாகப் பிரித்து ரொட்டியில் வைக்கும் ஆரஞ்சு நிற சதுரங்களும் சீஸ் புரோட்டாவுக்குள் உருகுவதும் பெரும்பாலும் பதப்படுத்திய சீஸ். சீஸை உருக்கி, அது பிரிந்துபோகாதிருக்க உப்புகள் சேர்த்து மறுபடி வார்த்தது. நள்ளிரவில் காப்பிக்கடையில் அதன் ருசியே தனி, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதை வைத்து சீஸ் எனக்குப் பிடிக்கும், பிடிக்காது என்று முடிவு கட்டாதீர்கள்.

பேரங்காடியில் குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று மலைக்க வேண்டாம். முதல் தடவை இரண்டே வகை, வகைக்கு நூறு கிராம். என் யோசனை: ஒரு இளம் கௌடா, ஒரு முதிர்ந்த செடார். கௌடா வெண்ணெய் மாதிரி சாதுவானது. முதிர்ந்த செடாரில் புளிப்பும் காரமும் எட்டிப் பார்க்கும். அதன் மேல் நகக்கண் அளவு ஆவக்காய் ஊறுகாய் தடவிப் பாருங்கள். ஆங்கிலேயர்கள் செடாரோடு மாங்காய் சட்னி சாப்பிடுகிறார்களே, அந்தப் பொருத்தம் நம் வீட்டு ஜாடியிலேயே இருக்கிறது.

இரண்டாம் தடவை கோம்தே அல்லது கிரூயேர். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடம் மேசையில் வையுங்கள். மெல்லிய சீவலாக வெட்டாமல் சுண்டுவிரல் பருமனில் ஒரு துண்டு. முதலில் உப்பு தெரியும். இரண்டாவது கடியில் வறுத்த வேர்க்கடலை. விழுங்கிய பிறகு, அடிப்பிடிக்கும் முன் இறக்கிய பால்கோவாவின் வாசனை மூக்கின் பின்பக்கம் வந்து நிற்கும். நன்றாகப் பழுத்த துண்டு என்றால் நடுநடுவே கல்கண்டுத் தூள் போல நறுக்கென்று கடிபடும். உப்புக் கல் என்று துப்பிவிடாதீர்கள். புரதம் உடைந்து உருவான படிகம் அது, நன்றாகப் பழுத்ததன் அடையாளம்.

அதன் பிறகுதான் வெள்ளைப் பூஞ்சை போர்த்திய பிரீ, கமம்பேர். கடைசியாக நீலப் பூஞ்சை வகை. ரோக்ஃபோர் நேராக நாக்கில் பட்டால் முகம் கோணும். பேரீச்சம்பழத்தைப் பிளந்து அதற்குள் ஒரு சிட்டிகை வைத்தால் அதே முகம் மலரும். உப்புநீரால் மேல்தோலைக் கழுவிக் கழுவிப் பழுக்க வைக்கும் தலேஜியோ, எப்வாஸ் போன்றவை இன்னும் ஒரு படி மேலே. அந்த நாற்றத்தை உண்டாக்கும் நுண்ணுயிரி, கால் வியர்வையில் நாற்றம் தரும் நுண்ணுயிரிக்குச் சொந்தக்காரன்தான். கருவாடு வறுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் இதற்கெல்லாம் அஞ்சக் கூடாது. எம்ஆர்டியில் டுரியானுக்குத்தான் தடை, எப்வாஸுக்கு இல்லை. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போனால் நான் பொறுப்பல்ல.

பாலும் பன்னீரும் தாண்டி சீஸ் நமக்கு அந்நியம் என்பார்கள். கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் சீஸ் செய்கிறார்கள். ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லிவைக்கலாம், பெட்டியில் இடம் இருந்தால்.

பாலைச் சூடாக்கினால் எது போகிறது, எது வருகிறது

நாம் பால் காய்ச்சும் இனம். வீவக வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் வேறு சாமான் இல்லாவிட்டாலும் ஓர் அடுப்பையும் பாத்திரத்தையும் கொண்டுபோய்ப் பால் பொங்க வைக்கிறோம். காய்ச்சாத பால் வயிற்றுக்கு ஆகாது என்று பாட்டி சொன்னதற்கு 1860-களில் லூயி பாஸ்டர் காரணம் கண்டுபிடித்தார். அவர் முதலில் சூடாக்கிப் பார்த்தது பாலை அல்ல, ஒயினை. அவர் பெயரால்தான் இதைப் பாஸ்சரைஸ் செய்வது என்கிறோம். இன்று பாலுக்கு இரண்டு வழி வழக்கத்தில் இருக்கிறது: 63 டிகிரியில் அரை மணி நேரம், அல்லது 72 டிகிரியில் 15 விநாடி. பொங்கி வழியும் நம் பாலை விடக் குறைந்த சூடு. பச்சைப் பாலில் வரக்கூடிய சால்மொனெல்லா, கேம்பிலோபேக்டர், லிஸ்டீரியா, ஈ.கோலியின் கொடிய வகைகள், மாட்டுக் காசநோய்க் கிருமி எல்லாவற்றுக்கும் அந்தச் சூடு போதும்.

அப்படியானால் ஏன் சிலர் பச்சைப் பாலைப் பிடித்துத் தொங்குகிறார்கள்? சீஸ் செய்கிறவர் சொல்லும் காரணம் ஒன்று உண்டு, அதில் உண்மையும் உண்டு. அந்த 15 விநாடி கெட்ட கிருமியை மட்டும் தேடிக் கொல்வதில்லை. அந்த மலைப் புல்லிலிருந்தும் அந்தத் தொழுவத்திலிருந்தும் பாலுக்கு வந்த நல்ல நுண்ணுயிரிகளையும் சில நொதிகளையும் சேர்த்தே அழிக்கிறது. பிறகு பொட்டலத்தில் வாங்கிய உறையை ஊற்றினால், ஊருக்கு ஊர் தயிர் வேறுபடுவது போன்ற அந்த வேறுபாடு மங்கிவிடும். அதனால்தான் நார்மண்டிக் கமம்பேர், ரோக்ஃபோர், கோம்தே, சுவிஸ் கிரூயேர், பார்மிஜியானோ ரெஜ்ஜியானோ ஆகியவற்றின் விதிமுறையே பச்சைப் பாலைக் கட்டாயமாக்குகிறது. பாலைக் காய்ச்சிவிட்டால் அந்தப் பெயரைப் போட முடியாது.

ஒரு தடவை ஒரு கடையில் விற்பனையாளரிடம் கேட்டேன். "சிங்கப்பூருக்குள்ள வர்ற எல்லா சீஸுமே பாஸ்சரைஸ் பண்ணினதுதான் அக்கா" என்றார், கையை பார்மிஜியானோ அடுக்கின் மேலேயே வைத்துக்கொண்டு! பாஸ்தா மேல் அந்தத் துருவலைத் தூவிச் சாப்பிட்ட எவரும் பச்சைப்பால் சீஸ் சாப்பிட்டவர்தான்.

சீஸ்காரர் வாதம் ஒருபுறம். பச்சைப் பாலைத் தம்ளரில் ஊற்றிக் குடிக்கச் சொல்பவர்களின் வாதம் வேறு, அதை நான் ஏற்கவில்லை. சத்து அழிகிறது என்பார்கள். கால்சியமும் புரதமும் அப்படியே இருக்கின்றன. சில வைட்டமின்கள் சிறிதளவு குறையும், அவ்வளவே. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பச்சைப் பால் ஒத்துக்கொள்ளும் என்பார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பால் செரிக்காத 16 பேரை வைத்துச் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். வயிற்றுத் தொல்லை குறையவில்லை. ஐரோப்பியப் பண்ணைகளில் பச்சைப் பால் குடித்து வளரும் குழந்தைகளிடம் ஆஸ்துமா குறைவாக இருப்பதாக வந்த ஆய்வுகளைக் காட்டுவார்கள். அந்தத் தொடர்பு கவனிக்கத் தக்கதுதான். ஆனால் அதைக் கண்ட ஆய்வாளர்களே பச்சைப் பாலைக் குடியுங்கள் என்று சொல்லவில்லை. 2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டு, பாலிலேயே வைரஸ் இருப்பது தெரிந்த பிறகு, இந்தப் பக்கத்து வாதம் இன்னும் இளைத்துவிட்டது.

சட்டமும் ஊருக்கு ஒரு மாதிரி. இங்கிலாந்தில் பண்ணைக்காரர் பச்சைப் பாலை நேரடியாக விற்கலாம். எல்லை தாண்டி ஸ்காட்லாந்துக்குப் போனால் 1983 முதல் கூடாது. சீஸுக்கு அந்தத் தடை இல்லை. அமெரிக்காவில் 1949 முதல், பச்சைப்பால் சீஸ் என்றால் 60 நாளாவது பழுத்திருக்க வேண்டும் என்று விதி. கெட்டி சீஸுக்கு அது ஓரளவு உதவும் விதி. மெத்தென்ற சீஸுக்கு 60 நாள் என்பது வேலி ஆகாது, ஈ.கோலி அதையும் தாண்டிப் பிழைத்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

ஈரம் எங்கே, ஆபத்து அங்கே

ஊறுகாய் ஏன் கெடுவதில்லை? உப்பு, புளிப்பு, ஈரமின்மை. அப்பளம், வற்றல், கருவாடு எல்லாம் இதே கணக்குத்தான். பார்மிஜியானோவைக் குறைந்தது 12 மாதம் பழுக்க வைக்கிறார்கள். தயிர்க்கட்டியையே சுமார் 55 டிகிரிச் சூட்டில் வைத்து ஈரத்தைப் பிழிகிறார்கள். பிறகு நாள்கணக்கில் உப்புநீர்த் தொட்டியில் முக்குகிறார்கள். அதற்குள் நோய்க்கிருமி பிழைத்திருப்பது பெரும்பாடு.

கமம்பேர் நேர்மாறு. அதைக் கையில் எடுத்து, மாம்பழம் பார்ப்பது போல் கட்டைவிரலால் நடுவில் அமுக்குங்கள். உள்ளே வாங்கும். பழுக்கப் பழுக்க அதன் புளிப்பு குறைந்துகொண்டே போகும், ஈரமோ அப்படியே இருக்கும். லிஸ்டீரியாவுக்கு அது விருந்து வீடு. மற்ற கிருமிகள் பெரும்பாலும் குளிரில் அடங்கிக் கிடக்கும். இது 4 டிகிரிக் குளிர்பெட்டிக்குள்ளும் மெதுவாகப் பெருகும். தின்ற அன்றே வயிற்றைக் கலக்கும் என்று காத்திருக்க வேண்டாம், அறிகுறி வெளிவர 70 நாள் வரைகூட ஆகலாம்.

1985-இல் லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் நடந்ததைக் கர்ப்பிணி இருக்கும் வீட்டில் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மெக்சிகோ பாணியில் செய்த, பழுக்க வைக்காத வெள்ளைச் சீஸ். ஆலையில் பாஸ்சரைஸ் செய்யாத பாலும் கலந்துவந்ததாக விசாரணை காட்டியது. எட்டு மாதத்துக்குள் 142 பேருக்கு லிஸ்டீரியா, 48 மரணம். அந்த 48-இல் 30 பேர் கருவிலிருந்த சிசுக்களும் பச்சிளங்குழந்தைகளும்.

அந்தச் சீஸ் நமக்குத் தெரிந்த எதைப் போன்றது என்றால், பன்னீரைப் போன்றது. பன்னீருக்குப் பாலை நன்றாகச் சுட வைத்துத்தான் திரிக்கிறோம், அதுவரை ஆபத்தில்லை. பொட்டலம் பிரித்த பிறகு பச்சைக் கோழி வெட்டிய பலகையில் அதை வெட்டினால், காய்ச்சிய பால் என்ற பெருமையெல்லாம் வீண். பிரித்த பன்னீரை இரண்டு மூன்று நாளுக்குள் குழம்பிலோ தவாவிலோ போட்டுவிடுங்கள். பச்சையாகத் தின்னும் பழக்கம் வேண்டாம்.

யார் எதைத் தொடலாம்

நல்ல உடம்புள்ள பெரியவர்கள்: கெட்டி சீஸ் பச்சைப்பாலாக இருந்தாலும் தாராளமாக. மெத்தென்ற பச்சைப்பால் சீஸ் உங்கள் விருப்பம். ஆபத்து சிறியது, ஆனால் இல்லாதது அல்ல. நான் சாப்பிடுகிறேன்.

கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள்: மெத்தென்ற பச்சைப்பால் சீஸ் வேண்டவே வேண்டாம். பிரிட்டன் சுகாதாரத் துறை இன்னும் ஒரு படி போகிறது. பிரீ, கமம்பேர் போன்ற பூஞ்சை போர்த்திய வகைகளும் மெத்தென்ற நீலச் சீஸும் பாஸ்சரைஸ் செய்த பாலில் ஆனவையாக இருந்தாலும், ஆவி பறக்கச் சூடாக்காமல் கர்ப்பிணிகள் சாப்பிட வேண்டாம் என்கிறது. கெட்டி சீஸ் எதுவும் சரி என்றும் அதே துறை சொல்கிறது. நாத்தனாரின் மருத்துவர் கேட்டது இந்தக் கணக்கைத்தான். கர்ப்பிணிக்குக் காய்ச்சலோ உடம்புவலியோ வந்தால், சீஸ் தின்றதைக் கேகே மருத்துவமனையிலோ உங்கள் மருத்துவரிடமோ மறைக்காமல் சொல்லுங்கள். (கேகே என்பதன் விரிவு கண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைத் தொழுவம். பால் பேச்சு எங்கே போனாலும் சிராங்கூன் சாலைக்கே திரும்பிவிடுகிறது.)

சின்னக் குழந்தைகள் விஷயத்தில் ஈ.கோலிதான் என் பயம். அதன் ஒரு வகை சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். ஐந்து வயதுப் பிள்ளை பிரீயின் அருமையை அறியப் போவதில்லை, அதற்கு செடார் போதும்.

பண்ணையிலிருந்து நேராக வரும் பால் என்று தெரிந்தவர் யாராவது புட்டியில் கொடுத்தால் பொங்கவிட்டுக் குடியுங்கள். பால்குடத்துக்கு எடுத்தது மீந்தாலும் அப்படியே. பேரங்காடிப் பால் பாஸ்சரைஸ் செய்ததோ, அதைவிட மிக அதிகச் சூட்டில் பதப்படுத்திய யுஎச்டியோதான். அதை மறுபடி காய்ச்சுவது நம் பழக்கத்துக்காக, தேவைக்காக அல்ல.

பொட்டலத்தைப் படிப்பது

ஐரோப்பிய ஒன்றியத்தில், சூடுபடுத்தாத பாலில் செய்தால் அதைப் பொட்டலத்தில் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சில் 'லே க்ரூ', இத்தாலியத்தில் 'லாத்தே க்ரூடோ', ஸ்பானியத்தில் 'லெச்சே க்ரூதா', ஜெர்மனில் 'ரோமில்ஷ்' என்று வரும். ஒட்டப்பட்ட ஆங்கிலச் சீட்டில் 'ரா மில்க்' அல்லது 'அன்பாஸ்சரைஸ்டு'. 'தெர்மைஸ்டு' என்றிருந்தால் அரைகுறைச் சூடு. கர்ப்பிணி விஷயத்தில் அதைப் பச்சைப் பாலாகவே எண்ணிக்கொள்ளுங்கள். கடைக்காரர் வெட்டிச் சுற்றித் தரும் துண்டில் ஒன்றும் எழுதியிராது. மூலப் பொட்டலத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

சைவர்கள் கவனிக்க. பாலைத் திரிக்கும் ரென்னெட் பல சீஸ்களில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து வருகிறது. பார்மிஜியானோவிலும் கிரானா படானோவிலும் அது இல்லாமல் இல்லை. 'மைக்ரோபியல் ரென்னெட்' அல்லது 'வெஜிடேரியன்' என்று போட்டதைத் தேடுங்கள். இந்தியப் பொட்டலம் என்றால் பச்சைப் புள்ளி. முஸ்லிம் நண்பர்களுக்கு வைப்பதானால் சிங்கப்பூர் இஸ்லாமிய மன்றமான முயிஸின் ஹலால் முத்திரை இருப்பதை வாங்கிவிட்டால் பேச்சே இல்லை.

பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மாதக்கணக்கில் பழுத்த கெட்டி சீஸில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை அநேகமாக இருப்பதில்லை.

நம் ஊர் வெக்கையில் வைப்பது

மேலைநாட்டார் எழுதிய குறிப்பில் பரிமாறுமுன் ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள் என்றிருக்கும். அவர்கள் வீட்டில் 18 டிகிரி, நம் வீட்டில் 31. கெட்டி சீஸுக்கு இருபது நிமிடம், மெத்தென்றதற்குப் பத்து. திறந்த வீட்டு விருந்தென்றால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வையுங்கள். ஒரு தீபாவளிக்கு நான் முழு பிரீயையும் காலை பத்து மணிக்கே மேசையில் வைத்தேன். மதியத்துக்குள் பலகையிலிருந்து வழிந்து மேசைவிரிப்பில் இறங்கிவிட்டது. "வீணாப் போயிடுமே" என்று இரவு பத்து மணிக்கு அதை வழித்துத் தின்ற என் கணவர் மறுநாள் விடுப்பு எடுத்தார். பிரீயின் பால் காய்ச்சியதுதான்.

வாங்கிவரும்போது கடைசியாக எடுங்கள், குளிர்ப்பையில் வையுங்கள். வீட்டில் கேக் செய்யும் தாளில் சுற்றி, மூடும் டப்பாவில், காய்கறித் தட்டில். ஒட்டும் நெகிழித் தாளில் இறுக்கிச் சுற்றினால் சீஸ் வியர்த்து, நெகிழி வாடையும் ஏறும். நீலச் சீஸுக்குத் தனி டப்பா. இல்லாவிட்டால் அடுத்த வாரம் மல்லித்தழை வரைக்கும் அதன் பூஞ்சை வாடைதான். கெட்டி சீஸில் தேவையில்லாத பூஞ்சை பூத்தால், அதைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாம். மெத்தென்ற சீஸில் பூத்தால் முழுதும் குப்பைக்கு.

பார்மிஜியானோவின் மேல்தோலில் புள்ளி புள்ளியாக அதன் பெயரே பொறித்திருக்கும். துருவித் தீர்ந்த பிறகு அந்தத் தோலைக் கழுவி, வேகும் பருப்பில் அரை மணி நேரம் போட்டு எடுங்கள். நான் செய்வேன், வெள்ளிக்கிழமை தவிர. அத்தைக்கு அந்தப் பருப்பு பிடிக்கும், அதில் என்ன போட்டேன் என்பதும் தெரியும். இப்போது தோலைக் கையில் எடுத்தால் அவரே கேட்கிறார்: "எத்தனை மாசத்து?"